மழைக்காட்டில் பாட்டில் கட்டிப் பழ ஈ கணக்கெடுக்க

மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி, நாலுமுக்குப் பக்கம் பழ ஈ கணக்கெடுக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை பொறி வேணும் மேடம்?" எந்த ஈ என்று முதலில் முடிவு செய்யுங்கள். மாம்பழத்தையும் பாகற்காயையும் துளைத்து முட்டையிடுகிற பேக்ட்ரோசெரா கூட்டம் வேறு, அழுகிய பழத்தில் மொய்க்கிற சின்ன டிரோசோஃபிலா கூட்டம் வேறு. முன்னதற்கு மெத்தில் யூஜெனால், கியூ லூர் என்ற மணமருந்துகள் உண்டு. அவற்றுக்கு வருவது பெரும்பாலும் ஆண் ஈ மட்டுமே, அதிலும் சில இனங்கள்தான். நான் சொல்லப்போவது டிரோசோஃபிலாவுக்கான வழி.

அதற்கு முன் அனுமதி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

இரைக்குக் கறுத்துப்போன நாட்டு வாழைப்பழம் போதும். அம்பாசமுத்திரம் கடைக்கார அண்ணாச்சி "ஆட்டுக்காம்மா?" என்று கேட்டுவிட்டு விலையைக் குறைப்பார். தோலோடு பிசைந்து, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் ஒரு துண்டு கருப்பட்டியும் சேர்த்து, மூடியை இறுக்காமல் வையுங்கள். கள் வாடை எழுந்தால் தயார். ஒரே நாள் கரைத்த இரையையே எல்லாப் பொறிக்கும் போடுங்கள். ஒன்றில் புதுசு, ஒன்றில் பழசு என்றால் நீங்கள் ஒப்பிடுவது காட்டை அல்ல, இரையை.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியில், சுட்ட ஆணியால் விரல் நுழையாத ஓட்டைகள் ஆறேழு போடுங்கள். அடியில் இரையை விட்டு, மேலே கசக்கிய டிஷ்யூ காகிதம் வையுங்கள். உட்கார இடமில்லாவிட்டால் ஈ இரையிலேயே முங்கிச் சாகும். மழைக்குக் குடையாகப் பாக்குமட்டைத் தட்டு. எறும்பு இறங்காமலிருக்கக் கயிற்றில் கிரீஸ்.

எங்கே கட்டுவது என்பதில்தான் கணக்கெடுப்பே இருக்கிறது. கை எட்டும் உயரத்தில் பாதையோரமாகக் கட்டிவிட்டு, "காட்டில் இத்தனை இனம்" என்று எழுதுகிற அறிக்கைகளை நான் நம்புவதில்லை. தரையில் அழுகும் பழத்துக்கு வருகிற கூட்டமும் உச்சியில் திரிகிற கூட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வெடிப்பலா மாதிரி உயர்ந்த மரத்தைப் பார்த்து, முழங்கால் உயரம், நடுமரம், உச்சிக்கிளை என மூன்று இடத்தில் தொங்கவிடுங்கள். உச்சிக்கு ஏற வேண்டாம். ஈயக்குண்டு கட்டிய நூலை உண்டிவில்லால் கிளைக்கு மேலே அனுப்பி, அதில் கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். எங்களோடு வரும் காணிக்காரப் பழங்குடி அண்ணாச்சிக்கு முதல் வீச்சிலேயே கிளை சிக்கும்; எனக்கு மரம் மட்டும்தான் படும். காட்டின் உள்ளே, ஓடையோரம், தேயிலை ஓரம் மூன்றிலும் இதே மாதிரி கட்டுங்கள். பங்குனி வெயிலில் ஒரு முறை, ஐப்பசி மழை கழிந்து ஒரு முறையாவது செய்யுங்கள். காலில் ஏறி ரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் புகையிலைத் தூளை மறக்காதீர்கள்.

டிரோசோஃபிலா சுறுசுறுப்பாக இருப்பது காலையும் அந்தியும். ஆனால் அதுவே யானை நடமாடும் நேரம். வெளிச்சம் வந்தபின் வனக்காவலரோடு போங்கள். பாட்டிலைக் கை எட்டும் வரை மெதுவாக இறக்கி, பாலித்தீன் பைக்குள் விட்டு, வாயைக் கட்டிய பிறகு அவிழுங்கள்.

ஆண்களை 70 சதவீத ஆல்கஹாலில் போடலாம். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். பெண்களை உடனே கொல்லாதீர்கள். பைபெக்டினாட்டா, மலர்கோட்லியானா மாதிரி நெருங்கிய இனங்களில் பெண்களைப் பார்த்துப் பிரிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு பெண்ணையும் தனிக் குப்பியில் உணவோடு விட்டு, பிறக்கும் மகன்களின் முன்காலில் சீப்பு மாதிரி இருக்கும் முள்வரிசையையும் பிறப்புறுப்பையும் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். தாய் யாரென்று மகன் சொல்லிவிடுவான்.

நோட்டில் ஒன்று கவனம். ஈ விழாத பாட்டிலுக்குப் பூஜ்யம். குரங்கு தூக்கிப்போன பாட்டிலுக்குப் பூஜ்யம் போடக்கூடாது, கோடு போடுங்கள்.