குழம்பில் பருப்பைத் தேட வேண்டாம்

தாராபுரம் பக்கம் ஒரு அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தவள் நான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் தங்களைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சாப்பாடெல்லாம் நல்லாத்தானுங் டீச்சர் சாப்படறேன், ஆனா கை கால்ல சத்தே இல்லைங்." முதலில் ரத்தம் பார்க்கச் சொல்வேன். ரத்தசோகை இருந்தால் அதற்கு மாத்திரைதான் வழி. அதற்கப்புறம் நேற்று என்ன சாப்பிட்டாய் அம்மிணி என்று கேட்பேன்.

பதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் சோறு, சாம்பார், ஒரு பொரியல். ராத்திரி மூன்று தோசை. நடுவில் இரண்டு டீ. வயிறு நிறைந்துவிட்டது, சரி. புரதம் எவ்வளவு சேர்ந்தது? நாலு இட்லியில் 7, 8 கிராம். நூறு கிராம் அரிசிச் சோற்றில் 7 கிராம். சாம்பாரில் 4 கிராம் வந்தால் பெரிது. ஏனென்றால் நூறு கிராம் துவரம்பருப்பில் இருப்பதே 22 கிராம்தான், அதை ஐந்து பேருக்குப் பகிர்கிறோம். தோசையில் 8, டீயில் கலந்த பாலில் 3. எல்லாம் சேர்த்து 30 கிராம் வந்தால் அதிகம்.

உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று நம் நாட்டு ஊட்டச்சத்துக் கணக்கு சொல்கிறது. 55 கிலோ இருக்கும் பெண்ணுக்கு நாளைக்கு 45, 46 கிராம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இதற்கு மேல் வேண்டும். தசை, ரத்தம், புண் ஆறும் தோல், நோயை எதிர்க்கும் சக்தி எல்லாமே இதை வைத்துத்தான் உடம்பு கட்டுகிறது. ஆக, குறைவது 15 கிராம்.

அந்த 15 கிராமுக்கு டப்பாவில் விற்கிற புரத மாவு தேவையில்லை. ஒரு வேகவைத்த முட்டை 6 கிராம், ஒரு கை நிலக்கடலை 7 கிராம், சின்னக் கிண்ணம் தயிர் 3 கிராம். முடிந்தது. நாமக்கல் முட்டை ஊருக்கெல்லாம் போகிறது, நம் வீட்டுத் தட்டுக்கும் தினம் ஒன்று வரட்டும். முட்டை சாப்பிடாத வீடு என்றால் 40 கிராம் தட்டைப்பயறோ பச்சைப்பயறோ வேகவைத்தால் 9 கிராம் வந்துவிடும்.

ஆனால் முட்டை வாங்குவதற்கு முன்னால் மாற்ற வேண்டியது பருப்பு வைக்கும் விதம். தலைக்கு ஒரு கைப்பிடி என்று எண்ணிப் போடுங்கள். வெந்ததும் பாதியைக் கட்டியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் சாம்பார் கூட்டுங்கள். எடுத்து வைத்ததில் சமைத்தவளுடைய பங்கும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவளுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. எடை பார்க்க வந்த பிள்ளைகளை விட அவர்களுடைய அம்மாக்களை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன்.

நம் ‘அரிசியும் பருப்பும் சாதத்தை’ச் சும்மா நினைக்காதீர்கள். புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு போட்டால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சமைக்கத் தெம்பில்லாத நாளில் செய்கிற சாதம் என்று இதற்குப் பெயராகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வேண்டுமென்றே செய்யுங்கள், பக்கத்தில் தயிர் வையுங்கள்.

அடுத்து கொள்ளு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிச் சொல்லியே ஒல்லியான பெண்களைக் கொள்ளுப் பக்கம் போகவிடாமல் செய்துவிட்டோம். அதிலும் துவரம்பருப்பு அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஒல்லியானவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்.

கொள்ளுப் பருப்பு செய்முறை இதுதான். ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பொறுக்கி, வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் ஏழெட்டு விசில் விடுங்கள். விரலால் நசுக்கினால் தோலோடு மசிய வேண்டும், அதுவரை இறக்க வேண்டாம். தண்ணீரை வடித்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வரமிளகாய், கொத்தமல்லி விதை, சீரகம், ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் வதக்கி, உப்போடு கொள்ளையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் கரகரப்பாக ஆட்டுங்கள். மிக்ஸி என்றால் விட்டு விட்டு இரண்டு சுற்று போதும், மையாகிவிட்டால் ருசி போய்விடும். சுடுசோறு, நல்லெண்ணெய். வடித்த தண்ணீரில் ரசம் வையுங்கள், ஆனால் ரசத்தை மட்டும் குடித்துவிட்டுச் சத்து வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. புரதம் பெரும்பாலும் ஆட்டிய கொள்ளில்தான் இருக்கிறது.

வாயு பிடிக்கும் என்பார்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டுவதும், நன்றாக வேகவிடுவதும், முதல் வாரம் இரண்டு கரண்டியோடு நிறுத்துவதும் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி எடுத்து ஒரே நாளில் தீர்த்துவிட்டு, மீதி ஆறு நாளும் ரசம் சோறு என்று இருக்கும் வீடுகள் நிறைய. கொழுப்பைச் சேர்த்து வைப்பது மாதிரி உடம்பு புரதத்தைச் சேர்த்து வைப்பதில்லை. ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் வேண்டும். அதிலும் காலை வேளைதான் நம்மிடம் காலி. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் நிலக்கடலைச் சட்னி, இட்லிக்குப் பாசிப்பருப்பு சாம்பார், வாரத்தில் இரண்டு நாள் பச்சைப்பயறு அடை. திருப்பூர் கம்பெனிக்குப் போகிற பெண்கள் டிபன் பாக்ஸில் வேகவைத்த கடலக்காயைத் தனியாகப் போட்டுக்கொண்டால் சாயங்கால முறுக்கு தானாகக் குறையும்.

வயசானவர்களுக்கு இது இன்னும் அவசியம். பல்லில்லை என்று ஆத்தாவுக்கு இரண்டு வேளையும் ரசம் சோற்றைக் கரைத்துக் கொடுக்கிறோம். கட்டிலை விட்டு எழுந்திரிக்கக் கை கொடுக்க வேண்டியிருப்பதற்குத் தொடைச் சதை கரைந்ததும் ஒரு காரணம். பச்சைப்பயறு கடைந்தது, மசித்த முட்டை, தயிர் இதெல்லாம் மெல்லாமலே இறங்கும். கூடவே வாசல்வரை இரண்டு நடை நடக்க வையுங்கள், நடமாட்டம் இல்லாமல் சதை பிடிக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ நாள்பட இருந்தால், பருப்பைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.