ஓபரா ஹவுஸிலிருந்து பாரங்காரு வரை: சிட்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கரையோர நடை

வந்து இறங்கிய முதல் மாதத்தில் யாருக்கும் ஊர் சுற்ற மனம் வராது. வாடகை வீடு, வேலை, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். "எல்லாம் செட்டில் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டவர்களில் பலர், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்த பிறகுதான் அவர்களோடு சேர்ந்து ஓபரா ஹவுஸை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். என் யோசனை வேறு. மேற்கு சிட்னியில் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் குடியேறியிருந்தால், முதல் சில வாரங்களிலேயே ஒரு சனியோ ஞாயிறோ பார்த்து இந்த நடையை முடித்துவிடுங்கள். ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான். கரையை ஒட்டியே போனால் மேடு பள்ளம் அதிகம் இல்லை, கட்டணம் எதுவும் இல்லை. ரயில், ஃபெரி, வெயில், மீன்பிடி விதி என்று இந்த ஊரில் தெரிந்திருக்க வேண்டிய பல விஷயங்கள் போகிற போக்கில் பிடிபட்டுவிடும்.

முதலில் டிக்கெட். ரயில், பஸ், ஃபெரி எல்லாவற்றுக்கும் தட்டுகிற ஓபல் கார்டு வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. வங்கி கார்டையோ போனையோ தட்டினாலும் பெரியவர்களுக்கு அதே கட்டணம்தான். ஆனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும். குடும்பத்துக்கே சேர்த்து ஒரே கார்டைத் தட்ட முடியாது. ஏறும்போது கார்டு, இறங்கும்போது போன் என்று மாற்றித் தட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அது இரண்டு ஆள், இரண்டிலும் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். 4 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகக் குழந்தைகள் ஓபல் கார்டு எடுத்துவிடுங்கள், பாதிக் கட்டணம். அதைவிடச் சின்னவர்களுக்கு இலவசம். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகச் சலுகைக் கட்டணம் கிடையாது. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கும் மூத்தோர் கார்டு தரமாட்டார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறில் அந்த வரம்பு மற்ற நாட்களில் உள்ளதில் பாதி. திரும்பும்போது உங்களை ஃபெரியில் ஏற்றப் போகிறேன், அதனால்தான் வார இறுதி என்று அழுத்திச் சொல்கிறேன்.

மேற்கிலிருந்து வரும் டி1 ரயில், ஓபரா ஹவுஸுக்குப் பக்கத்து நிலையமான சர்குலர் கீ வழியாகப் போகாது. வின்யார்டில் இறங்கி ஜார்ஜ் தெருவில் நேராகத் தண்ணீரை நோக்கி நடந்தால் பத்து நிமிடம். முட்டிவலிக்காரர்கள் கூட இருந்தால் சென்ட்ரலில் வண்டி மாறி சர்குலர் கீயிலேயே இறங்கலாம். அந்த நிலையம் தரைக்கு மேலே இருக்கிறது. பிளாட்பாரத்தில் நின்றாலே கீழே படகுத்துறைகளும் அந்தப் பக்கம் பாலமும் தெரியும். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. "நாம் பார்க்காத வெயிலா?" என்றுதான் தோன்றும். இங்கே காற்று குளுகுளுவென்று இருக்கும்போதே தோல் கருகிவிடும். வானிலைச் செயலியில் வெப்பத்தைப் பார்ப்பதுபோல் யுவி (புற ஊதாக்கதிர்) அளவையும் பார்க்கப் பழகுங்கள். 3-ஐத் தொட்டாலே தொப்பியும் சன்ஸ்கிரீனும் போடச் சொல்கிறார்கள். கோடை நண்பகலில் அது 11-ஐயும் தாண்டும். அதனால் பிற்பகலில் கிளம்புங்கள். பாதையின் கடைசிப் பகுதி மேற்கு பார்த்தது என்பதால் சூரியன் மறைகிற நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்வது நல்ல கணக்கு. டிசம்பரில் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜூனில் ஐந்துக்கே இருட்டிவிடும்.

ஓபரா ஹவுஸை எல்லோரும் தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். படிகளில் ஏறி, கூரை கீழிறங்கி வருகிற இடத்துக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். படத்தில் வெள்ளைவெளேரென்று தெரிவது உண்மையில் வெறும் வெள்ளை இல்லை. பளபளப்பான வெள்ளை ஓடுகளும், மங்கலான பாலேட்டு நிற ஓடுகளும் அம்புத்தலை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த ஓடுகள் ஸ்வீடனில் செய்யப்பட்டவை. வடிவமைத்த டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் அரசோடு ஒத்துப்போகாமல் 1966-ல் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். 1973-ல் கட்டடம் திறக்கப்பட்டது. முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை. உள்ளே அரங்குகளைப் பார்க்க டிக்கெட் வேண்டும். வெளியே சுற்றிவர யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அங்கிருந்து தண்ணீரை வலப்பக்கம் வைத்துக்கொண்டே நடந்தால் வழி தவற வாய்ப்பில்லை. ஃபெரித் துறைகளைத் தாண்டியதும் பயணிகள் கப்பல் முனையம். பெரிய கப்பல் ஏதாவது நின்றால் எதிர்க்கரைக் காட்சி முழுவதையும் மறைத்துவிடும். அதைத் தாண்டிப் போனால் சரியாகிவிடும். அடுத்து வருவது கேம்பெல்ஸ் கோவ். வரிசையாக நிற்கிற பழைய கல் கிடங்குகளில் இப்போது உணவகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் தந்த ராபர்ட் கேம்பெல் 1798-ல் கல்கத்தாவிலிருந்து சரக்குக் கப்பலோடு வந்த வியாபாரி. இந்தியாவுக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் உள்ள போக்குவரத்து அவ்வளவு பழசு.

பிறகு பாலத்துக்கு அடியிலேயே போகிறீர்கள். ஹார்பர் பிரிட்ஜ் 1932-ல் திறக்கப்பட்டது. வளைவின் நீளம் 503 மீட்டர். அண்ணாந்து பார்த்தால் ரயில் போகும்போது இரும்பு முழுவதும் உறுமுவது கேட்கும். மேலே ஏறி நடப்பதும் இலவசம்தான், கிழக்குப் பக்கத்தில் நடைபாதை இருக்கிறது. ஆனால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் தூண்டிலோடு பலர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். நமக்கும் கை துறுதுறுக்கும். இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் நியூ சவுத் வேல்ஸில் மீன் பிடிக்கக் கட்டணம் கட்டி உரிமம் எடுக்க வேண்டும், இணையத்திலேயே கட்டிவிடலாம். அதைவிட முக்கியமானது, பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனையோ இறாலையோ நண்டையோ சாப்பிடவே கூடாது என்பது அரசின் அறிவுரை. பல ஆண்டுகளுக்கு முன் ஹோம்புஷ் விரிகுடாப் பக்கத்து ரசாயன ஆலைகளிலிருந்து கலந்த டயாக்சின் நஞ்சு இன்னும் அடிமண்ணில் கிடக்கிறது. 2006-ல் துறைமுகத்துக்குள் வணிக மீன்பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்குக் கிழக்கே பிடித்ததைச் சாப்பிடுவதற்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் பிடித்ததை அன்போடு நீட்டினாலும் எங்கே பிடித்தது என்று கேளுங்கள். குழம்பு வைக்க மீன் வேண்டுமென்றால் சந்தைக்குப் போவதே நல்லது.

பாலம் தாண்டினால் வால்ஷ் பே. இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு இதுதான், கூட்டமும் இங்கே குறைவு. 1900-ல் சிட்னியில் பிளேக் வந்து 103 பேர் இறந்தார்கள். எலிகள் பெருகிய பழைய துறைகளை அரசு கையகப்படுத்தி, இடித்துவிட்டு, எலி புகாத கடற்சுவரோடு இந்த நீண்ட மரத்துறைகளைக் கட்டியது. இப்போது அவை நாடக அரங்குகளாகவும் வீடுகளாகவும் மாறிவிட்டன. அப்படியே ஹிக்சன் ரோட்டில் போனால், அந்தக் காலத் துறைமுகத் தொழிலாளர்கள் 'ஹங்ரி மைல்' (பசி மைல்) என்று பெயர் வைத்த பகுதி வரும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அன்றைய கூலி வேலைக்காக ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கிய வழி அது. தினமும் பயோடேட்டா அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் சுருக்கென்று தைக்கும்.

பாரங்காரு பூங்கா பார்த்தால் காலங்காலமாக அங்கேயே இருந்த குன்று மாதிரி தெரியும். இல்லை. அது கன்டெய்னர்கள் இறக்கிய கான்கிரீட் தளம். அதே இடத்தைத் தோண்டி எடுத்த சுமார் 10,000 மணற்கல் பாளங்களைக் கரையில் அடுக்கி, 75,000-க்கும் அதிகமான மரம் செடிகளை நட்டு 2015-ல் திறந்தார்கள். பாரங்காரு என்பது வெள்ளையர் வந்த காலத்தில் இங்கே வாழ்ந்த கமரேகல் என்ற பூர்வகுடி இனப் பெண்ணின் பெயர். மரப்பட்டைத் தோணியில் உட்கார்ந்து தூண்டில் போட்டு இந்தத் தண்ணீரில் மீன் பிடித்தவர்கள் அவரைப் போன்ற பெண்கள்தான். இன்று அதே மீனைத் தின்னக் கூடாது என்று பலகை வைக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை இங்கே புல்வெளியில் விரித்துச் சாப்பிடுங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கடற்காகங்கள் மட்டும் பார்க்கும், மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பாதீர்கள். பாதையில் சைக்கிள்களும் வரும் என்பதால் இடப்பக்கமாகவே நடக்கவும், பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளவும்.

இதற்கு மேல் டார்லிங் ஹார்பர் வரை போகலாம். பெரியவர்களுக்கு அங்கே கடைகளைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை என்பது என் கருத்து. சின்னப் பிள்ளைகள் இருந்தால் தண்ணீரில் விளையாடுகிற இலவசத் திடல் இருக்கிறது, மாற்றுடை எடுத்துக்கொண்டு போங்கள்.

மற்றவர்கள் பாரங்காரு படகுத்துறையில் பாரமட்டா ஃபெரி பிடியுங்கள். ரயிலைவிட மெதுவாகத்தான் போகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் நாள் முழுக்க நடந்த கால்களுக்கு அதுதான் ஓய்வு. துறையில் ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைத் தட்ட மறக்காதீர்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் வேளைகளில் படகு ரைடல்மியர் வரைதான் போகும்; அங்கிருந்து பாரமட்டாவுக்குப் பஸ் விடுவார்கள். பாரமட்டா துறையிலிருந்து ரயில் நிலையம் கால் மணி நேர நடை.