காரிடார் தக்காளியில் கிரேக்க சாலட்

கிரேக்க சாலட் என்றதும் பலர் முதலில் லெட்டூஸைத்தான் நறுக்குவார்கள். கிரேக்கர்கள் 'ஹோரியாட்டிக்கி' என்று சொல்லும் கிராமத்து சாலட்டில் இலையே கிடையாது. தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம், குடைமிளகாய், ஆலிவ், ஃபெட்டா என்ற பாலாடைக்கட்டி (சீஸ்), அவ்வளவுதான். அதில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது தக்காளிச் சாறு. அதனால்தான் வீட்டில் காய்த்த தக்காளியில் செய்யச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் காரிடாரில் காலை வெயில் நன்றாக விழும். இங்குள்ள வெக்கையில் பெரிய தக்காளி பூவைக் கொட்டிவிடும், செர்ரி தக்காளி தாங்கும். மாடிக்குத் தேனீ வராவிட்டால், பூங்கொத்தின் காம்பைக் காலையில் விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், காய் பிடிக்கும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது, டெங்கிக் கொசு வந்துவிடும். நடக்க 1.2 மீட்டர் வழி விட்டுத் தொட்டிகளைச் சுவரோரம் வையுங்கள்.

சரி, சாலட்டுக்கு வருவோம். இது இரண்டு பேருக்கான அளவு.

முதலில் 250 கிராம் தக்காளி. நன்றாகச் சிவந்ததும் பறியுங்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் மணம் போய்விடும். பாதியாக வெட்டி, கால் தேக்கரண்டி உப்புத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். வெட்டிய முகம் பளபளக்கும், அப்புறம் விதையோடு சாறு கசிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், சாலட்டின் குழம்பே அதுதான்!

அதற்குள் கால் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து தண்ணீரில் போடுங்கள், காரம் தணியும். ஒரு சின்ன வெள்ளரிக்காயைக் கனமான வில்லைகளாகவும், அரைக் குடைமிளகாயை வளையங்களாகவும் வெட்டுங்கள். வெங்காயத்தை வடித்து, எல்லாவற்றையும் தக்காளியோடு சேர்த்து, பத்துக் கலமாட்டா ஆலிவ் போட்டு ஒருமுறை புரட்டினால் போதும்.

ஃபெட்டா வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். அசல் ஃபெட்டா செம்மறியாட்டுப் பாலில், சிலவற்றில் கொஞ்சம் வெள்ளாட்டுப் பாலும் கலந்து, கிரீஸில் செய்வது. 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் கிரீஸுக்கே உரியது. மாட்டுப்பாலில் செய்ததில் அந்தப் புளிப்பு வராது. 100 கிராம் துண்டை உதிர்க்காமல் அப்படியே மேலே வையுங்கள். அதுவே உப்பானது என்பதால் இனி உப்பு வேண்டாம்.

அதன் மேல் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயை ஊற்றி, காய்ந்த ஆரிகானோ என்ற வாசனை இலையை உள்ளங்கையில் கசக்கித் தூவுங்கள். ஆரிகானோ இல்லையா? சளிக்குக் கஷாயம் வைக்க வளர்க்கும் கற்பூரவல்லி இருக்குமே! இரண்டிலும் கார்வக்ரால் என்ற ஒரே வாசனைப் பொருள் உண்டு. ஆனால் பச்சை இலை தூக்கலாக மணக்கும், பாதி இலையைப் பொடியாக அரிந்து போட்டால் போதும்.

உடனே பரிமாறுங்கள். தட்டில் மிஞ்சும் சாற்றைக் கிரேக்கர்கள் ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குச் சப்பாத்தி.