டோபர்மோரியின் குளிர்நீருக்கு டிரைசூட்: முதலில் உள்ளுடை, பிறகு சூட்

ஆகஸ்ட் மாதத்தில் ஒன்டாரியோவின் டோபர்மோரிக்குப் போனால் ஹ்யூரான் ஏரியின் மேல்நீர் 18 டிகிரி அளவில் இருக்கும். கரையோரம் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். அதை நம்பி முக்குளிப்புச் சூட் வாங்கக் கூடாது. ஸ்கூபாக்காரர்களுக்காகவே 1999-இல் மூழ்கடிக்கப்பட்ட நயாகரா II கப்பல் கிடக்கும் 30 மீட்டர் ஆழத்தில், அதே நாளில் 4 முதல் 8 டிகிரிதான். நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். அந்தக் கனத்த நீர் கோடையிலும் அடியிலேயே தங்கிவிட, வெயில் பட்ட நீர் அதன்மேல் மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லையைத் தாண்டும்போது கன்னம் சுரீரென்று எரியும். சூட் வாங்குவது அந்த எல்லைக்குக் கீழே உள்ள நீருக்காக.

எல்லோருக்கும் டிரைசூட், அதாவது நீரே உள்ளே புகாத சூட், தேவையில்லை. பிக் டப் துறைமுகத்தில் 6 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஸ்வீப்ஸ்டேக்ஸ் கப்பலைக் கோடையில் பார்க்க, உள்ளே நீர் புகும் 7 மி.மீ. வெட்சூட் போதும். 30 மீட்டரைத் தாண்டிக் கிடக்கும் அரேபியா கப்பலுக்கு அது போதாது. வெட்சூட்டின் நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் இருப்பவை வாயுக் குமிழிகள். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்காகும்போது அவை கால்வாசியாகச் சுருங்கிவிடும். குளிர் மிகும் ஆழத்திலேயே துணி மெலிந்துபோகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இருபதாவது நிமிடத்தில் விரல்கள் ஏன் சொன்னபடி கேட்பதில்லை என்பது விளங்கும்.

உள்ளுடையில் தொடங்குங்கள்

டிரைசூட் உடம்பைச் சூடாக்குவதில்லை. நீரை வெளியே நிறுத்துகிறது, அவ்வளவுதான். குளிரைத் தடுப்பது உள்ளுடை பிடித்துவைத்திருக்கும் காற்று. கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சூட்டை வாங்கிவிட்டு, பிறகு தடித்த உள்ளுடை அதற்குள் நுழையவில்லை என்று திணறுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள்: உள்ளுடையை முதலில் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே சூட்டுக்கு அளவு கொடுங்கள்.

தோலோடு ஒட்டியிருக்கும் அடுக்கு மெரினோ கம்பளியோ, வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழையோ ஆக இருக்க வேண்டும். பருத்தி கூடவே கூடாது. கப்பல்தளத்தில் வெயிலில் நின்று ஊறிய வியர்வை, பருத்தியில் தங்கி, கீழே போனதும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டதுபோல் ஆகிவிடும். அதன்மேல் முழு உடலுக்குமான உள்ளுடை. 10 முதல் 15 டிகிரி நீருக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள தின்சுலேட் (குளிர் காக்கும் செயற்கை இழை) போதும். 4 முதல் 8 டிகிரிக்கு 400 கிராம் வேண்டும். ஃப்ளீஸ் மலிவு, துவைக்க எளிது. ஆனால் அழுத்தத்தில் தட்டையாகிவிடும், நனைந்தால் கதகதப்பு பெரிதும் குறையும். தின்சுலேட் நனைந்த பிறகும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். சூட் கிழிந்த நாளில் அந்த ‘ஓரளவு’தான் மேலே வருமுன் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் உங்களை நிற்க விடும்.

சாக்ஸை இரண்டு மூன்றாகத் திணிக்காதீர்கள். பாதம் இறுகி இரத்த ஓட்டம் குறைந்தால் கால் இன்னும் குளிரும். ஒரே ஒரு தடித்த கம்பளிச் சாக்ஸ், அதற்கேற்ற அளவில் பூட் என்பதே சரி.

எந்தத் துணி

ட்ரைலேமினேட் என்பது நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் நடுவே பியூட்டைல் ரப்பர் வைத்த மூன்றடுக்குத் துணி. இலகுவானது, சீக்கிரம் காயும், கிழிசலை ஒட்டுவது எளிது. நீட்சி கிடையாது, சொந்தமாகக் குளிர் தாங்கும் தன்மையும் இல்லை. உள்ளுடையை மாற்றி மாற்றி மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் ஒரே சூட்டைப் பயன்படுத்தலாம் என்பதால் ஏரிகளுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். நுரை நியோப்ரீன் உடம்போடு ஒட்டி நிற்கும், தானே சூடும் தரும். ஆனால் வெட்சூட்டின் நோய் இதற்கும் உண்டு, ஆழத்தில் மெலியும், மிதப்பும் மாறும். முன்கூட்டியே அழுத்தி இறுக்கிய நியோப்ரீன் அப்படி மாறாது, முரட்டு உழைப்புக்குத் தாங்கும். எடை அதிகம், காய நேரமெடுக்கும். வல்கனைஸ் செய்த (சூடாக்கிக் கெட்டியாக்கிய) ரப்பர் சூட் அசுத்த நீரில் இறங்கும் தொழில்முறையாளர்களுக்கு. கழுவிச் சுத்தம் செய்யலாம் என்பதே அதன் பலம்.

காற்றை வெளியேற்றிவிட்டு அளவு பாருங்கள்

கடையில் சூட்டைப் போட்டு, உள்ளே காற்று உப்பியிருக்கும்போதே கையைக் காலை ஆட்டிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்வது தவறு. ஜிப்பை முழுதாக மூடி, குந்தி உட்காருங்கள். கழுத்துச் சீலுக்குள் (நீர் புகாமல் தோலை இறுகப் பிடிக்கும் பட்டை) ஒரு விரலை நுழைத்துத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். துணி உடம்போடு ஒட்டிய அந்த நிலையில்தான் சோதனை. இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொட வேண்டும். கைகளைக் குறுக்கே கட்டித் தோள்களைப் பிடிக்க வேண்டும். முழங்காலை மார்பு வரை தூக்க வேண்டும். எங்காவது கவட்டை இழுத்தால் உடல் நீளம் போதவில்லை என்று பொருள்.

பெரிய அளவு பாதுகாப்பு என்று நினைப்பது அதைவிட ஆபத்து. காலில் தொளதொளவென்று இருக்கும் துணிக்குள் காற்று ஓடிச் சேர்ந்தால் கால் மேலே, தலை கீழே என்று மிதந்து ஏறத் தொடங்குவீர்கள். காற்றை வெளியேற்றும் கழிவு வால்வு இடது மேற்கையில் இருக்கிறது; காலில் உள்ள காற்று அதற்கு எட்டாது. பூட்டும் பெரிதாக இருந்தால் பாதம் நழுவி, ஃபின்னும் (காலில் மாட்டும் துடுப்பு) கழன்றுவிடும். முழங்காலை மடக்கி, உருண்டு நிமிரும் பயிற்சியை டிரைசூட் வகுப்பில் கற்பிப்பார்கள், வகுப்பைத் தவிர்க்காதீர்கள். ஆயத்த அளவுகளில் கால் நீளமும் வயிற்றுச் சுற்றும் சேர்ந்து பொருந்துவது அரிது. பொருந்தவில்லை என்றால் அளவெடுத்துத் தைக்கச் சொல்வதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணல்ல.

சீல்கள்

கசிவில் பெரும்பங்கு கழுத்திலும் மணிக்கட்டிலும்தான். லேடெக்ஸ் சீல் மெல்லியது, நன்றாக நீளும், மலிவு. வெயில், ஓசோன், எண்ணெய் மூன்றும் அதன் எதிரிகள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு லேடெக்ஸ் கழுத்தை மாட்டினால், சில மாதங்களிலேயே பிசுபிசுத்துக் கிழியும். முக்குளிக்கும் வாரத்தில் எண்ணெயை விட்டுவிடுங்கள். மாட்டும்போது வாசனையற்ற டால்க் தூவுங்கள். புதுச் சீல் இறுக்கமாக இருந்தால் ஓரிரவு சற்றுப் பெரிய பாத்திரத்தில் மாட்டி விரியவிடலாம். அப்படியும் இறுகினால், சீலில் உள்ள வளையக் கோடுகளில் ஒவ்வொன்றாக மட்டும், கூர்மையான கத்தரியால் ஒரே ஓட்டத்தில் வெட்ட வேண்டும். பிசிறு விழுந்தால் அங்கிருந்து கிழியும். ஒரேயடியாக இரண்டு வளையம் வெட்டியவர்கள் புதுச் சீல் வாங்கியிருக்கிறார்கள்.

கழுத்து இறுக்கம் வெறும் அசௌகரியம் அல்ல. கழுத்துத் தமனியை அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து தலை சுற்றும், மயக்கமும் வரலாம். கரையில் ஐந்து நிமிடம் போட்டிருக்கும்போதே தலை லேசாகச் சுழன்றால் கழற்றிவிடுங்கள்.

சிலிக்கோன் சீல் தோலுக்கு மென்மையானது, லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றது. சூட்டோடு பசையால் ஒட்டாது என்பதால் வளையத்தில் பொருத்துகிறார்கள். அதனால் கிழிந்தால் படகிலேயே ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். மூன்று மணி நேரம் காரோட்டி டோபர்மோரிக்கு வந்தவருக்கு அது பெரிய விஷயம். நியோப்ரீன் கழுத்து, சூடாகவும் உறுதியாகவும் இருக்கும். அதை உள்நோக்கி மடித்துப் போட வேண்டும், அப்போதுதான் உள்காற்று அதைத் தோலோடு அழுத்தும்.

தாலிக்கொடியோ கழுத்துச் சங்கிலியோ சீலுக்கு அடியில் போனால் அதுவே நீருக்கு வாய்க்கால். முடியும் தாடியும் அப்படித்தான். (அரைஞாண் கயிற்றால் ஒரு கெடுதலும் இல்லை.) மெலிந்த மணிக்கட்டுக்காரர்கள் எதையாவது இறுகப் பிடிக்கும்போது தசைநாண்கள் எழும்பி, நடுவே பள்ளம் விழுந்து நீர் வழியும், அவர்களுக்கு லேடெக்ஸோ சிலிக்கோனோதான் தோது. உலர் கையுறை வாங்கினாலும் உள்ளே மணிக்கட்டுச் சீலை எடுத்துவிடாதீர்கள். கையுறை ஓட்டையானால் சூட் முழுக்க நீர் புகுவதை அதுதான் தடுக்கும். கையுறைக்குள் காற்று போய்வர, சீலின் அடியில் சிறு குழாயோ நூலோ விட்டால் போதும்.

ஜிப்பும் வால்வும்

முதுகுத் தோளில் குறுக்கே ஓடும் ஜிப்புக்கு மூட இன்னொருவர் வேண்டும். மார்பில் சாய்வாக ஓடுவதை நீங்களே மூடலாம். உலோக ஜிப்புக்கு வெளிப்பற்களில் தேன்மெழுகோ பாரஃபினோ தேயுங்கள், சிலிக்கோன் ஸ்ப்ரே வேண்டாம்; அது படிந்த இடத்தில் பின்னாளில் பசை ஒட்டாது. பிளாஸ்டிக் ஜிப்புக்கு அதன் முடிவுமுனையில் மட்டும் சிலிக்கோன் கிரீஸ். எதுவானாலும் மடித்து வைக்காதீர்கள். ஜிப் மாற்ற சில நூறு டாலர் ஆகும்.

காற்று நிரப்பும் வால்வு மார்பின் நடுவில், பிசிடியின் (மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) பட்டை அழுத்தாத இடத்தில் இருக்க வேண்டும். 4 டிகிரி நீரில் பொத்தானை நீண்டநேரம் அழுத்தினால் அது திறந்தபடியே உறைந்து, காற்று நிற்காமல் பாயும். சிறு சிறு தட்டலாக நிரப்புங்கள். பாயத் தொடங்கினால் ஹோஸைக் கழற்றி, கழிவு வால்வை முழுதாகத் திறக்க வேண்டும். தடித்த கையுறையோடு அந்த ஹோஸைக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ரெகுலேட்டரில் (மூச்சுக் காற்றைத் தரும் கருவி) ஈஎன் 250 என்ற ஐரோப்பியத் தர முத்திரையோடு ‘10 டிகிரிக்கு மேல்’ என்று அச்சிட்டிருந்தால் அது இந்த ஏரிக்கானது அல்ல.

மூழ்குவதற்குக் கட்டிக்கொள்ளும் எடையை நீச்சல்குளத்தில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மட்டும் மீதமிருக்கும்போது, போடப்போகும் அதே உள்ளுடையோடு பாருங்கள். பிறகு அதே சூட்டோடு கடலுக்குப் போனால், நீங்களும் சாதனங்களும் சேர்ந்து 100 கிலோ என்றால் இன்னும் இரண்டரைக் கிலோ சேர்க்க வேண்டும். குளத்து நீரில் குளோரின் இருக்கிறது. வெளியே வந்ததும் சீல்களை நல்ல நீரில் அலசுங்கள்.

பழைய சூட் வாங்கினால்

லேடெக்ஸை இழுத்து வெடிப்பும் பிசுபிசுப்பும் பாருங்கள். ஜிப்பின் ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவுங்கள். பிறகு மணிக்கட்டுகளில் இரண்டு பாட்டில்களையும் கழுத்தில் ஒரு பந்தையும் செருகி, கழிவு வால்வை மூடி, சூட்டை ஊதி உப்பவைத்து, தையல்கள் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். நுரை கட்டும் இடமெல்லாம் ஓட்டை. தையலில் ஒன்றிரண்டு இருந்தால் பசையால் அடைக்கலாம். ஜிப்பை ஒட்டி நுரைத்தால் விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.