ஆர்லாண்டோவில் தங்க வாடகை வீடா, டிஸ்னி விடுதியா?

அமெரிக்காவின் ஆர்லாண்டோ அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், ஓர் இரவுக்கான வாடகையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் கிடைக்கும் வாடகை வீடு மலிவாகத்தான் தெரியும். அதோடு சுத்தம் செய்யும் கட்டணம், முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம், வரி, வாடகைக் கார், பூங்காவில் தினமும் கார் நிறுத்தும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, தங்கும் இரவுகளால் வகுத்துப் பாருங்கள். அதுதான் உண்மையான வாடகை. இரண்டு மூன்று இரவு மட்டும் தங்கினால், சுத்தம் செய்யும் கட்டணமே கணக்கைக் கவிழ்த்துவிடும்.

டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குபவர்கள் தினமும் அரை மணி நேரம் முன்னதாகவே பூங்காவுக்குள் போகலாம். சின்னச் சலுகையாகத் தோன்றும். ஆனால் வரிசை நீளும் முன் பெரிய சவாரி ஒன்றை முடித்துவிடலாம். பூங்காவுக்கு பஸ் இலவசம். லைட்னிங் லேன் எனப்படும் விரைவு வரிசைக்கு 7 நாள் முன்பே பதிவு செய்யலாம். வெளியே தங்குபவர்களுக்கு 3 நாள்தான்.

ஆனாலும் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று எட்டுப் பேர் கிளம்பினால் நான் வீட்டைத்தான் சொல்வேன். சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், மதியம் குழந்தை தூங்கத் தனி அறை என எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். விடுதியில் இரண்டு மூன்று அறைகள் எடுக்க வேண்டியிருக்கும்.

பணம் கட்டும் முன், வீட்டிலிருந்து பூங்கா வாசலுக்குக் காலை நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று வரைபடத்தில் பாருங்கள். ‘டிஸ்னிக்கு மிக அருகில்’ என்ற விளம்பர வரியை நம்ப வேண்டாம். முன்பதிவை ரத்து செய்வதற்கான விதிகளையும் முழுமையாகப் படித்துவிடுங்கள்.