பெயர் கேள்விப்படாத ஓவியரின் படத்தை எப்படிப் பார்ப்பது?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் ஓவியத்தின் முன் நிற்பவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிடுகிறது. அது நல்ல ஓவியம் என்று நூறாண்டுகளாகப் பலர் சொல்லிவிட்டார்கள்; நாம் தலையாட்டினால் போதும். கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் கூடத்தைச் சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்து, சொந்தச் செலவில் சட்டமிட்டு, தானே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டியிருக்கும் ஓர் ஓவியரின் படத்தின் முன் நிற்கும்போது அந்த வசதி கிடையாது. அவர் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம், அவரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதியிருக்க மாட்டார்கள், நல்லதா கெட்டதா என்று கேட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஆளும் இருக்காது. நம்மில் பலர் அந்தக் கூடத்தை ஐந்து நிமிடத்தில் சுற்றிவிட்டு, வருகைப் பதிவேட்டில் ‘அருமை’ என்று எழுதிவிட்டு வெளியேறுவதற்குக் காரணம் ரசனைக் குறைவு அன்று. பெயரின் துணையின்றிப் பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பதே. அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கூடம் முழுவதையும் பார்த்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். ஒரு சுற்று வேகமாக நடந்து வாருங்கள். எந்தப் படம் கால்களைச் சற்றே தயங்க வைத்ததோ அதனிடம் திரும்பிச் சென்று பத்து நிமிடமாவது நில்லுங்கள். கால்களைத் தயங்க வைத்த படம் பிடித்த படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; எரிச்சலூட்டிய படமும் இதற்கு நன்றாகவே உதவும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை அப்போது படிக்காதீர்கள். ‘பெயரிடப்படாதது’ என்று எழுதியிருந்தால் ஏமாற்றம் வரும். ‘அன்னையின் ஏக்கம்’ என்று எழுதியிருந்தால் அதற்குப் பிறகு அங்கே அன்னையையும் ஏக்கத்தையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

அடுத்ததாக, கண்ணில் படுவதை வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள். கருத்து வேண்டாம், வெறும் விவரம் போதும். ‘இடப்பக்கம் ஒரு சுவர், அதில் பாதி காரை உதிர்ந்திருக்கிறது, கீழே ஒரு பித்தளைக் குடம், குடத்தின் வயிற்றில் ஒரு சன்னல் வளைந்து தெரிகிறது’ என்ற அளவில் சொன்னால் போதும். நான் இப்படிச் சொல்லிக்கொண்டு நின்ற ஒரு நீர்வண்ணப் படத்தில், ஐந்தாவது நிமிடத்தில்தான் ஒன்று புலப்பட்டது. சுவர்மேல் விழுந்திருந்த வெயிலுக்கு ஓவியர் வண்ணமே தொடவில்லை. சுற்றிலும் நிழலை மட்டும் தீட்டிவிட்டு, வெயில் விழும் இடத்தில் காகிதத்தின் வெண்மையை அப்படியே விட்டிருந்தார். நீர்வண்ணத்தில் வெளிச்சம் காகிதத்திலிருந்துதான் வர வேண்டும். ஒருமுறை வண்ணம் ஏறிய இடத்தில் அந்த வெண்மையை முழுதாகத் திரும்பப் பெறுவது கடினம். அப்படியானால் வெயில் எங்கே விழும் என்பதை முதல் தூரிகையை வைப்பதற்கு முன்பே அவர் தீர்மானித்திருக்க வேண்டும். இது தெரிந்ததும் ‘அழகான கிராமத்துக் காட்சி’ என்று கடந்து போக இருந்த படம், ஒருவர் கவனமாக எடுத்த முடிவுகளின் வரிசையாக மாறிவிட்டது.

எனவே எந்த ஊடகம் என்பதைத் தெரிந்துகொள்வது பார்வைக்கு நேரடியாக உதவும். எண்ணெய் வண்ணம் மெதுவாக உலரும். மேற்பரப்பு உலரவே நாள் கணக்கில் ஆகும், தடித்த பூச்சு உள்ளூர உலர மாதங்கள் ஆகும். ஆகையால் அதில் இரண்டு நிறங்கள் ஈரத்தோடு ஈரமாகக் கலந்து ஒன்றுக்குள் ஒன்று கரையும். முகத்தின் கன்னத்திலும் மாலை வானத்திலும் இதைப் பார்க்கலாம். நீரில் கலக்கித் தீட்டும் செயற்கை வண்ணமான அக்ரிலிக் நிமிடங்களில் உலர்ந்துவிடுவதால் அடுக்கின் மேல் அடுக்காக, விளிம்பு கூர்மையாக நிற்கும். படத்துக்குப் பக்கவாட்டில் போய், விளக்கின் ஒளி சாய்வாக விழும் கோணத்தில் மேற்பரப்பைப் பாருங்கள். தூரிகையின் மயிர் இழுத்த வரிகளும், கத்தியால் அப்பி இழுத்த இடத்தின் மேடும், பழைய வடிவத்தை மறைத்து மேலே பூசிய தழும்பும் அப்போது தெரியும். ஓவியர் மனம் மாறிய இடங்கள் அவை. நேர் எதிரே நின்று மட்டும் பார்ப்பவருக்கு அவை அகப்படுவதில்லை.

இதே சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். இப்போது கேன்வாஸிலேயே அச்சிட்டு, மேலே நிறமற்ற பசையால் தூரிகைத் தடம்போல் இழுத்து, கையால் வரைந்தது என்று விற்கப்படும் படங்கள் உண்டு. பசையின் தடம் ஒரு பக்கம் ஓடும், படத்திலுள்ள இலையோ புடவை மடிப்போ வேறு பக்கம் ஓடும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் மையின் புள்ளிகள் தெரியும். அச்சுப்படம் வாங்குவது தவறில்லை, அதை அச்சு என்று சொல்லி விற்க வேண்டும்.

கோட்டைப் பார்ப்பதில் தமிழர்களுக்கு ஒரு முன்பயிற்சி இருக்கிறது என்பது என் எண்ணம். வாசலில் கோலம் போடும் கையைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரே மூச்சில் இழுத்த கோட்டுக்கும் தயங்கித் தயங்கி ஒட்டுப்போட்ட கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாவு எங்கே தடித்து விழுந்தது, எங்கே விரல் நெகிழ்ந்து மெலிந்தது என்பது நமக்குத் தெரியும். காந்தி நூற்றாண்டான 1969-இல் கே. எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களை அந்தக் கண்ணோடு பார்த்தால், சில வேகமான கறுப்புக் கோடுகள் எப்படி ஒரு முதுகின் கூனலையும் நடையின் விரைவையும் தாங்குகின்றன என்பது விளங்கும். அதே ஆதிமூலம் பிற்காலத்தில் உருவங்களை முற்றிலும் விட்டுவிட்டு, எண்ணெய் வண்ணத்தில் பரப்புகளை மட்டும் வரைந்தார். கோட்டில் இவ்வளவு வல்லவர் ஏன் கோட்டைக் கைவிட்டார் என்ற கேள்வியோடு அந்தப் பிற்காலப் படங்களின் முன் நின்றால், ‘இதில் என்ன இருக்கிறது’ என்ற கேள்வி தானாகவே பின்னுக்குப் போய்விடும்.

ஆள், பொருள் என எந்த உருவத்தையும் காட்டாத அரூப ஓவியம் என்றதும் பலருக்கு வரும் அச்சம் ‘எனக்குப் புரியவில்லை’ என்பது. ஆலாபனை கேட்கும்போது அதன் பொருள் என்ன என்று நாம் கேட்பதில்லை. எங்கே தொடங்கியது, எங்கே ஏறியது, எங்கே நின்றது என்று காது தொடர்கிறது. கண்ணையும் அவ்வாறே தொடர விடலாம். கண்ணைப் பாதி மூடி, இமை இடுக்கு வழியாகப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து இருளும் வெளிச்சமும் மட்டும் பெரிய துண்டுகளாக நிற்கும். எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அப்போது தெரியும். பிறகு கட்டைவிரலை நீட்டி, மூலையில் ஒரு சிறு சிவப்புத் திட்டு இருந்தால் அதை மறைத்துப் பாருங்கள். படம் அசையாமல் அப்படியே இருந்தால் அந்தச் சிவப்பு வீண். படம் சரிந்து விழுந்தால் அதுதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்த ஆணி. இப்படிச் சொந்த முயற்சியில் இயங்கும் சுயாதீன ஓவியர்களின் படங்களில் இந்தச் சோதனையைத் தயங்காமல் செய்யலாம், சில படங்கள் தோற்கவும் தோற்கும். தோற்ற படத்தைத் தோற்றது என்று மனத்துக்குள் ஒப்புக்கொள்வதும் ரசனையின் ஒரு பகுதிதான். இளம் கலைஞர் என்பதற்காக எல்லாவற்றையும் பாராட்டுவது அவரைச் சரியாகப் பார்க்காததற்குச் சமம்.

எதிர்ப்பக்கத்தில், ‘போட்டோ மாதிரியே இருக்கிறது’ என்ற பாராட்டையும் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். 2021-இல் கொரோனாவால் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் ஓவியங்கள் கைப்பேசிகளில் பரவியபோது பெரும்பாலோர் சொன்னது அதைத்தான். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அவர், ஓட்டு வீட்டின் வாசலிலும் அடுப்படியிலும் இருக்கும் பெண்களை வரைந்தார். அந்தப் படங்களில் பார்க்க வேண்டியது ஒப்புமையை அல்ல, வெளிச்சம் எந்த வழியாக உள்ளே வருகிறது, கறுத்த தோலின் மேல் அது எந்தெந்த நிறமாக மாறுகிறது என்பதையே. கறுப்பு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் தோலில் எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்; புகைப்படம் என்று சொல்ல வாய் வராது.

பெயரில்லாதவர்களைப் பார்ப்பதற்கு முன் கண்ணைப் பழக்க ஓரிடம் வேண்டுமென்றால், ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலத்துக்கு ஒரு முழு முற்பகல் ஒதுக்கிப் போகலாம். சென்னை கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சக ஓவியர்களும் 1966-இல் அமைத்த கலைக் கிராமம் அது. மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, ஒரு பகுதி நேரம் பிழைப்புக்கும் மற்ற நேரம் ஓவியத்துக்குமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். சுயாதீன ஓவியர் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் சாதகக் கட்டம்போலவும் கையெழுத்துப் பிரதிபோலவும் எழுத்துகள் நெருங்கிக் கிடக்கும். அவற்றைப் படிக்க முயன்றால் படிக்க முடியாது. படிக்க முடியாது என்று கண் ஒப்புக்கொண்ட பிறகுதான், எழுத்தின் நெருக்கமும் இடைவெளியும் ஒரு நெய்த துணியின் ஊடும் பாவும்போல் தெரியத் தொடங்கும்.

திரையில் பார்ப்பது பற்றி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பல ஓவியர்களை நாம் இன்ஸ்டாகிராமில்தான் முதலில் சந்திக்கிறோம். அங்கே ஓர் அடி உயரப் படமும் ஆறடி உயரப் படமும் உள்ளங்கை அளவுதான். படத்தின் கீழே அளவு எழுதியிருந்தால், செய்தித்தாளை அதே அளவுக்கு ஒட்டிச் சேர்த்து வீட்டுச் சுவரில் மாட்டி, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எதிரே நில்லுங்கள். விளையாட்டுப்போல் இருந்தாலும், நம் உடலுக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள உறவு சட்டென்று பிடிபடும். நிறத்தை மட்டும் திரையை நம்பி முடிவுசெய்யாதீர்கள்.

சுயாதீனக் கண்காட்சியின் பெரிய வாய்ப்பு, ஓவியரே அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்பது. முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள். ‘இதற்கு என்ன சார் அர்த்தம்?’ என்று கேட்டால், அன்று இருபதாவது முறையாக ஒப்பித்த பதிலே கிடைக்கும். ‘இதில் முதலில் எந்த இடத்தைத் தொட்டீர்கள்?’, ‘முடிந்தது என்று எப்போது தெரிந்தது?’, ‘இந்த மூலையைத் திரும்ப வரைந்திருக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். நாற்காலியை விட்டு எழுந்து படத்துக்கு அருகில் வருவார். ‘சதுர அடி என்ன விலை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். சிலர் அளவை வைத்துத்தான் விலை வைக்கிறார்கள் என்பது வேறு செய்தி. அவர் பேசும்போது அங்குள்ள மற்றப் படங்களையும் மறுபடி பாருங்கள். எந்த வடிவம், எந்த நிறம், எந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் பிடித்தால், ஒரு படத்தில் தற்செயலாகத் தோன்றியது இன்னொன்றில் தேடலாகத் தெரியும்.

வாங்க விரும்புவோர் கோட்டோவியத்திலோ, ஓவியரே பலகையிலோ தகட்டிலோ செதுக்கி மை பூசி எடுக்கும் செதுக்கு அச்சிலோ தொடங்கலாம். விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். அச்சின் அடியில் பென்சிலால் 3/25 என்றிருந்தால் இருபத்தைந்து பிரதிகளில் அது மூன்றாவது என்று பொருள். தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவற்றை எழுதி ஓவியரின் கையொப்பத்துடன் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக, படம் உங்களுடையதானாலும் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அதை எழுத்து மூலமாகத்தான் மாற்றித்தர முடியும். ஆகவே அதைத் திருமண அழைப்பிதழில் அச்சிட வேண்டுமென்றால் அவரைக் கேட்க வேண்டும்.

மாட்டும் உயரம், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடிக்குள் இருக்குமாறு அமைந்தால் நல்லது. நம் வீடுகளில் தெய்வப் படங்களை மாட்டும் பழக்கத்தில் ஓவியங்களையும் வாசற்படிக்கு மேலே ஏற்றிவிடுகிறோம். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவரைத் தவிர்த்து, சட்டத்தின் பின்னால் சிறு தக்கைகளை வைத்துக் காற்றுக்கு வழிவிட வேண்டும். நேர் வெயில் கூடவே கூடாது. முன்பு சொன்ன அந்தப் பித்தளைக் குடத்துப் படத்தை வாங்கிவந்து மேற்குச் சன்னலுக்கு எதிரே மாட்டியவன் நான்தான். மூன்று கோடைகளில் குடத்தின் பக்கத்திலிருந்த சிவப்புச் சேலை வெளிர்ந்த ரோசா நிறமாகிவிட்டது. அடுத்த கண்காட்சியில் ஓவியரைச் சந்தித்தபோது, “தப்பு என்னுடையது சார், வெயிலில் மாட்டிவிட்டேன்” என்றேன். “பாதித் தப்பு என்னுடையது. அப்போது அலிசரின் சிவப்புதான் வாங்க முடிந்தது, அது வெளுக்கும் என்று எனக்கும் தெரியும். இப்போது குயினாக்ரிடோன் சிவப்பு போடுகிறேன், அது நிற்கும்” என்று சொல்லிவிட்டு, புதிய படத்திலிருந்த சேலையைக் காட்ட எழுந்து நடந்தார்.