கொழும்பு வெள்ளவத்தைக் கல்லிலிருந்து கைத்தூண்டில்: முதல் நாள்

முதல் மீனுக்குத் தண்டும் ரீலும் தேவையில்லை. வெறும் சோடாப் போத்தல் ஒன்று, முப்பது மீற்றர் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), சின்னத் தூண்டில் முள் நாலைந்து, பாரத்துக்குப் பழைய இரும்பு நட்டுகள், கால் இறாத்தல்கூட வராத இறால். இவ்வளவுதான். தங்கூசி 0.35 மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் சின்னப் பாரையையும் தாங்கும்.

தங்கூசியைப் போத்தலில் கட்டி நெருக்கமாகச் சுற்றுங்கள். எறியும்போது கழுத்தைப் பிடித்து, அடிப்பக்கத்தைக் கடலுக்குக் காட்டினால் நூல் தானே உருவிக்கொண்டு போகும்.

முடிச்சில்தான் புதியவர்கள் மீனை விடுகிறார்கள். நுனியை முள்ளின் கண்ணுக்குள்ளால் விட்டு, நூலையே ஐந்தாறு தரம் சுற்றி, கண்ணை ஒட்டி நிற்கும் சின்ன வளையத்துக்குள்ளால் திருப்பி எடுங்கள். அப்போது பக்கத்தில் ஒரு பெரிய வளையம் உண்டாகும். அதற்குள்ளும் நுனியை விடுங்கள். இறுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உராயும் சூட்டில் தங்கூசி அந்த இடத்திலேயே பலம் இழக்கும்.

நட்டை அடி நுனியிலும், முள்ளை அதற்கு ஒரு சாண் மேலே சிறு கிளை நூலிலும் கட்டுங்கள். நட்டுக்கு மட்டும் தையல் நூல் போதும். இந்தக் கரையில் அடியெல்லாம் கல். நட்டு சிக்கினால் தையல் நூல் அறும், முள்ளும் மீனும் மிஞ்சும். இது தெரியாமல் ஒரே பின்னேரத்தில் ஏழு முள் கடலுக்குக் கொடுத்தவன் நான்.

மரைன் டிரைவ் வீதிக்கும் கடலுக்கும் நடுவே தண்டவாளம் ஓடுகிறது. அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. இரு பக்கமும் பார்த்தே கடவுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்களில் போகவே வேண்டாம். மற்ற நாளிலும் கல்லில் ஏறுமுன் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கல் ஈரமாயிருந்தால் அலை அங்கே வந்து போயிருக்கிறது, இனியும் வரும். காய்ந்த கல்லில் நில்லுங்கள். தனியே போகாதீர்கள்.

இறாலை உரித்து, சுண்டுவிரல் நகமளவு துண்டாக முள்ளில் கோத்துவிடுங்கள். பெரிய துண்டு போட்டால் குஞ்சுகள் ஓரத்தைக் கொறித்து விருந்துண்டு போய்விடும்.

எறிந்த பிறகு நூலைத் தொய்யவிடாமல் சுட்டுவிரலில் தாங்குங்கள். அலை இழுப்பது மெதுவாக, ஒரே சீராக இருக்கும். குஞ்சு கொறிப்பது டிக் டிக்கென்று தெரியும், அதற்கு அசையாதீர்கள். விரல் சட்டென்று முன்னுக்கு வளையும் கணத்தில் மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். முழுக் கையையும் வீசி இழுத்தால் முள் மட்டும்தான் வரும், அதுவும் உங்கள் முகத்துக்கு.

ஓரா மீன் வந்தால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள், அதன் செட்டை முட்களில் விஷம். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் கையை வைத்திருங்கள், கடுப்பு இறங்கும். வீக்கம் ஏறினால் வைத்தியரிடம் போங்கள். ஊதிப் பெருக்கும் பேத்தையை முள்ளைக் கழற்றித் திரும்பக் கடலிலேயே விடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

வெட்டிய தங்கூசித் துண்டுகளைக் கல்லிடுக்கில் விட்டால் பறவைகளின் காலில் சிக்கும். அவற்றைப் போத்தலுக்குள் திணித்து மூடியைப் போட்டு, வெளியே நூலைச் சுற்றிக்கொண்டு வாருங்கள்.